காண்டலும் காட்டலும்

காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைத் தமிழ் அளவை நூலார் வகுத்து வைத்தனர். ஒரு பொருளைப் பொறிகளால் நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். மலைமேல் எழும் புகையைக் கண்டு ஆங்கே நெருப்புண்டு என உணர்வது இதற்குக் காலங்காலமாகக் காட்டப்பெறும் சான்று. தக்கார் வாய்ச்சொல்லை ஏற்று அறிவது உரை. உலகியலில் இம்மூன்றனுள் காண்டலுக்கே முதலிடம் தரப்படுகிறது. ‘நான் என் கண்ணால் கண்டேன்’ என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் வழக்கில்லை என்று எண்ணுகின்றவரே மிகுதி.

ஆயின், ஒருவர் மட்டுமே காணக்கூடிய பொருள் ஒன்று இருக்குமாயின் அதனை எவ்வளவையில் சேர்ப்பது? கண்டவருக்கு அது காண்டல். கேட்பவருக்கோ வெறும் உரை. கண்டவர் பொய்யுரைக்கலாம். பொய்யுரைக்க எண்ணாமலேயே திரித்துக் கண்டிருக்கலாம். கண்ணில் விழுந்தது ஒன்றாகவும் கருத்தில் நின்றது பிறிதொன்றாகவும் இருக்கலாம். நுண்ணோக்கி என்னும் கருவி மனிதன் கைக்கு வந்த நாள் முதலாக இவ்வினா அறிவியலாரை விடாது தொடர்ந்து வருகின்றது. அது வெறும் அறிவியல் வினா அன்று. அறத்தைப் பற்றிய வினாவும் ஆகும்.

இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள், உயர்தர நுண்ணோக்கிகளைக் கையாளும் ஆய்வாளர்களை ஆய்வரங்குகளில் ஒன்றுகூட்டுகின்றன. உயிரியலார், மருத்துவர், இயற்பியலார், கணினி வல்லார் எனப் பல துறையினர் ஒரே கூடத்தில் அமர்கின்றனர். ஒருவர் எழுந்து திரையில் படங்களைக் காட்டுகிறார், மற்றவர் வினவுகின்றனர். இடைவேளையில் சுவரோரம் தொங்கும் படத்தாள்களின் முன் சிறு சிறு குழுக்களாக நின்று வாதிடுகின்றனர். கட்டுரைகள்தாம் ஆய்விதழ்களில் அச்சாகின்றனவே, இவ்வளவு தொலைவு வந்து கூடுவானேன் என்று புறத்தே நிற்பவர் கேட்கக்கூடும். விருந்துண்ண வருவோரும் வேலை தேடி வருவோரும் அக்கூட்டத்தில் உளர், அதனை மறுப்பதற்கில்லை. எனினும் இக்கூடுகைக்கு அவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. அதனை அறிய முன்னூற்று ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆண்டனி வான் லீவன்ஹூக் ஒரு துணி வணிகர். பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். அக்கால அறிஞர் மொழியாகிய இலத்தீனும் அறியாதவர். கடுகு போன்ற கண்ணாடி வில்லைகளைத் தம் கையாலேயே உருவாக்கி, உலோகத் தகட்டின் சிறு துளையில் பொருத்தி, அதனைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அவர் செய்தவற்றுள் எஞ்சி உத்ரெக்ட் நகரில் காக்கப்பெறும் ஒன்று பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டவல்லது. மிளகின் காரம் எதனால் உண்டாகிறது என்று அறிய விரும்பிய அவர், மிளகை நீரில் ஊற வைத்து அந்நீரை நோக்கினார். காரத்தின் காரணம் புலப்படவில்லை. மாறாக, அத்துளி நீரில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் நீந்தித் திரிவதைக் கண்டார். 1676ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அச்செய்தியை நீண்டதொரு மடலாக எழுதி இலண்டன் அரச கழகத்திற்கு விடுத்தார்.

கழகத்தார் திகைத்தனர். ஒரு துளிக்குள் இத்துணை உயிர்கள் இருத்தல் கூடுமோ? தாமே செய்து பார்க்க முயன்றபோது முதலில் ஒன்றும் தென்படவில்லை. லீவன்ஹூக் சளைக்கவில்லை. சமயக் குருமார் உள்ளிட்ட எண்மரைத் தம் கருவியின் வழியே நோக்கச் செய்து, அவர்கள் எழுதித் தந்த சான்றுரைகளைக் கழகத்திற்கு அனுப்பி வைத்தார். அவ்வெண்மரும் நன்மக்களே. ஆனால் இலண்டனில் இருந்தோருக்கு அவர்கள் கூற்றும் உரையே அன்றோ? ஒருவர் உரையோடு எண்மர் உரை சேர்ந்தால் ஒன்பது உரைகள் ஆகும். ஒரு காண்டல் ஆகாது.

இறுதியில் இராபர்ட் ஹூக் இம்முயற்சியை ஏற்றார். 1665இல் நுண்ணோக்கி பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டு, தக்கைத் துண்டில் கண்ட சிற்றறைகளுக்குச் ‘செல்’ என்று பெயரிட்டவர் இவரே. இவரும் மிளகை நீரில் பன்னாள் ஊற வைத்தார். மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அந்நீரை ஏற்றினார். 1677ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கழகத்தார் கூடியிருந்த அவையில் கருவியை வைத்து, வந்தோரைப் பார்க்கச் சொன்னார். உறுப்பினர் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து நோக்கினர். நுண்ணுயிர்கள் அசைவதைத் தம் கண்ணாலேயே கண்டனர். அன்றுதான் டெல்ஃப்ட் வணிகரின் காட்சி உலகின் அறிவாயிற்று. 1680இல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. லீவன்ஹூக் தம் இல்லம் தேடி வந்தோர்க்குச் சில கருவிகளைக் காட்டினார். சிறந்தவற்றையோ தமக்கென்றே வைத்துக்கொண்டார். தாம் கையாண்ட நுட்பமான முறைகளையும் முழுமையாக எவருக்கும் கற்பிக்கவில்லை. அவர் பொய்யர் அல்லர். அவர் எழுதியவை பெரிதும் உண்மையே எனப் பிற்காலம் நிறுவியது. எனினும் வழியை மறைத்துக்கொண்டு முடிவை மட்டும் அறிவித்தவர் அவர். 1683இல் பல்லின் அழுக்கில் அவர் கண்டு எழுதிய நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வு, 1723இல் அவர் மறைந்த பின் நெடுங்காலம் பெரிதாக முன்னேறவில்லை. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவர் திறவுகோலைத் தம்மோடு கொண்டு சென்றதும் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. மெய்யையே சொன்னவர் மீதும் குறை கூற இடமுண்டு என்பதற்கு அப்பெருமகனார் ஒரு சான்று.

இருநூறு ஆண்டுகள் கழிகின்றன. 1889ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜெர்மானிய உடற்கூற்றியல் கழகத்தின் கூட்டம் பெர்லின் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. ஐரோப்பாவின் தலைசிறந்த நுண்ணோக்கியாளர் பலர் அங்கே திரண்டிருந்தனர். அவர்களுக்கிடையே ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த முப்பத்தேழு வயதினர் ஒருவரும் இருந்தார். பார்சலோனாப் பல்கலைக்கழகப் பேராசிரியரான சாந்தியாகோ இரமோன் இ கஹால் என்பது அவர் பெயர். அவ்வவையில் அவரை அறிந்தவர் அரியர். ஸ்பெயினிலிருந்து அறிவியல் வரும் என்று எதிர்பார்ப்பவரும் அந்நாளில் இலர்.

அவர் ஏன் வந்தார்? அதற்குச் சற்று முன்கதை வேண்டும். இத்தாலியரான கமில்லோ கோல்ஜி 1873இல் நரம்புத் திசுவுக்கு நிறமேற்றும் புதுமுறை ஒன்றைக் கண்டறிந்திருந்தார். பொட்டாசியம் டைக்குரோமேட்டில் பதப்படுத்திய திசுவை வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்தால், நூற்றில் ஒரு சில உயிரணுக்கள் மட்டும் வேர் முதல் கிளை நுனி வரை கறுத்து நிற்கும், ஏனையவை நிறமேறா. சில மட்டுமே நிறம் ஏற்பது குறை போலத் தோன்றும். அதுவே அம்முறையின் பெருஞ்சிறப்பு. எல்லா அணுக்களும் கறுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரிவது ஒரு கரும்பட்டையே.

இம்முறையைக் கஹால் 1887இல் மாட்ரிட் நகரில் நண்பர் ஒருவர் வாயிலாக முதன்முதல் கண்டார். கண்டது முதல் வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. திசுவை இருமுறை நிறமேற்றி முறையைத் திருத்தினார். முதிர்ந்த மூளையின் சிக்கலைத் தவிர்த்துக் கருவிலுள்ள உயிர்களையும் குஞ்சுகளையும் ஆராய்ந்தார். புக முடியாத பெருங்காட்டை விட்டு நாற்றங்காலுக்குச் செல்வது போன்றது இது என்று பிற்காலத்தில் அவரே விளக்கியுள்ளார். அக்காலத்தில் பலரும் நம்பியது, நரம்பிழைகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே வலையாகப் பரவியுள்ளன என்பது. கோல்ஜியும் அவ்வாறே நம்பினார். ஆனால் கஹால் நோக்கிய தகடுகளில் ஒவ்வோர் இழையும் எங்கோ ஓரிடத்தில் முடிந்தது. அடுத்த அணுவைச் சூழ்ந்து கூடை போலப் பின்னியது. ஆயினும் அதனோடு கலக்கவில்லை. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி உயிரணுவே என்பது அவர் துணிபு.

இதனை 1888இல் தாமே பொருள் செலவிட்டு ஓர் ஆய்விதழாக அச்சிட்டார். அதன் முதல் இதழில் அறுபது படிகளே அச்சாயின. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பிற நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஸ்பானிய மொழியைப் படிப்பாரும் இல்லை. படித்தாலும் நம்புவாரும் இல்லை. சிறு மொழியில் எழுதப்படும் பேருண்மைக்கு நேரும் கதி எதுவென்று தமிழில் எழுதுவோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

ஆகவேதான் அவர் தம் சேமிப்பைச் செலவிட்டுப் பெர்லினுக்குப் புறப்பட்டார். கட்டுரையை மட்டும் எடுத்துச் செல்லவில்லை. தம் நுண்ணோக்கியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்றார். காட்சி மேசையில் அவற்றை வரிசையாக வைத்தார். சிறுமூளை, விழித்திரை, தண்டுவடம் ஆகியவற்றின் மிகத் தெளிவான தகடுகளைப் பொருத்தினார். தமக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சு மொழியில், வந்தோரைக் குனிந்து பார்க்குமாறு வேண்டினார். அவ்வளவே அவர் செய்தது.

முதலில் வந்தோர் ஐயத்தோடு வந்தனர். பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர்கள் முகம் மாறியிருந்தது. அவையில் மூத்தவர்களுள் ஒருவர் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர். எழுபத்திரண்டு வயது. திசுவியலுக்கு அவர் எழுதிய நூலைப் பயின்றே ஒரு தலைமுறை வளர்ந்தது. நரம்பு வலைக் கொள்கையின் பக்கம் நின்றவர் அவர். பெயரறியாத ஓர் இளைஞரின் மேசையில் அவர் குனிந்தார், தகடு தகடாக நோக்கினார், வினவினார். பின்னர் அவரைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு தாம் தங்கியிருந்த விடுதிக்கு அழைத்துச் சென்று விருந்தளித்தார்; பிற அறிஞர்களுக்கும் அறிமுகப்படுத்தினார். ஊர் திரும்பியபின் அம்முறையைத் தாமே கையாண்டு சரிபார்த்தார். தாம் கொண்டிருந்த கருத்தைக் கைவிட்டார். கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்கென்றே அம்முதுமையில் ஸ்பானிய மொழியைக் கற்றார் என்றும் கஹால் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

அவ்விருவருள் பெரியவர் யார்? கண்டுபிடிப்பின் புகழ் கஹாலுக்கு உரியது, அதில் மாற்றமில்லை. ஆயினும் அறத்தின் நோக்கில் எடைபோட்டால் கோலிக்கரின் தட்டு தாழ்ந்தே நிற்கும். கஹால் இழப்பதற்கு எதுவும் இல்லாதவர். தாம் கண்டதைப் பிறர் காணவேண்டும் என்ற வேட்கை அவரை உந்தியது. கோலிக்கரோ ஐம்பதாண்டுக் காலப் புகழை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்தவர். தம் நூலின் பக்கங்களுக்கு எதிராகத் தம் கண்ணையே சான்றாக அழைத்தவர். காட்டுகின்றவன் தன் கருவியை ஒப்படைக்க வேண்டும். காண்கின்றவன் தன் முன்முடிவை ஒப்படைக்க வேண்டும். முன்னது கடினம், பின்னது அதனினும் கடினம்.

இதற்கு மறுதலையான காட்சியை 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஸ்டாக்ஹோம் நகரம் கண்டது. அவ்வாண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கோல்ஜி முதலில் உரையாற்றினார். நரம்பணுத் தனிமைக் கொள்கையைத் தம் உரையின் பொருளாகவே எடுத்துக்கொண்டு அதனை மறுத்தார். மறுநாள் கஹால் அக்கொள்கைக்குச் சான்றுகளை அடுக்கினார். முறை ஒன்று, சாயம் ஒன்று, கருவி ஒருவகைத்து, மேடையும் ஒன்று. முறையைத் தந்தவர் வலையைக் கண்டார். அதனைப் பெற்றவர் தனி மரங்களைக் கண்டார்.

கோல்ஜி பொய்யரா? அப்படிச் சொல்வது பெரும்பிழையாகும். அவர் உழைப்பும் நேர்மையும் உலகறிந்தவை. உயிரணுவுக்குள் அவர் கண்டறிந்த உறுப்பு இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மூளை முழுமையாக ஒருங்கே இயங்குகிறது என்ற உறுதியான எண்ணம் அவருக்கு இருந்தது. அவ்வெண்ணம் கண்ணுக்கு முன்னே சென்று அமர்ந்துகொண்டது. இழைகள் நெருங்கிப் பின்னியிருந்த இடங்களில் அவை கலந்திருப்பதாகவே அவருக்குத் தோன்றிற்று. ‘கண்ணால் காண்பதும் பொய்’ என்று தமிழ் மக்கள் பழமொழியாக வழங்குவதன் பொருள் கண் பழுதுற்றது என்பதன்று. கண்ணின் பின்னே இருப்பது கண்ணை ஆள்கிறது என்பதே.

இனி, நுட்பமான ஒரு சிக்கலுக்கு வரவேண்டும். கஹால் தம் படங்களில் ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே இடைவெளி விட்டு வரைந்தார். அவ்விடைவெளியை அவர் கண்டாரா? காணவில்லை; காணவும் இயலாது. கோல்ஜி தம் முறையை வெளியிட்ட அதே 1873ஆம் ஆண்டில், எர்ன்ஸ்ட் அபே என்னும் ஜெர்மானிய இயற்பியலார் ஒளி நுண்ணோக்கியின் எல்லையை வரையறுத்துவிட்டார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியினும், அதாவது ஏறக்குறைய 200 நானோமீட்டரினும் நெருங்கியுள்ள இரு புள்ளிகளை எத்துணைச் சிறந்த வில்லையாலும் பிரித்துக் காட்ட இயலாது என்பது அவ்வரையறை. நரம்பணுக்களுக்கு இடையேயுள்ள இடைவெளியோ ஏறத்தாழ 20 நானோமீட்டர். அபேயின் எல்லையில் பத்தில் ஒரு பங்கு. ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியை எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931இல் உருவாக்கினர்; அவ்வகைக் கருவி முதிர்ந்த பின், 1950களின் இடைப்பகுதியில்தான் மனிதக் கண் அவ்விடைவெளியைக் கண்டது. கஹால் 1934லேயே மறைந்துவிட்டார்.

அவ்வாறாயின், காணாததை வரைந்த கஹாலை என்னென்பது? அவர் படங்கள் பலவும் ஒரே தகட்டின் நேர்ப்படிகளும் அல்ல; பல தகடுகளில் கண்டவற்றை ஒன்றுகூட்டி வரைந்தவை. ஒளிப்படக் கலையிலும் வல்லவர் அவர். ஆயினும் கையையே நம்பினார். இன்றைய கடுங்கண்ணர் ஒருவர் இதனைத் திரிபு என்றுகூடக் கூறலாம். ஆனால் கஹால் செய்தது கருதல். இழைகளின் நுனிகள் தனித்து முடிவதை ஆயிரம் இடங்களில் கண்டார்; அக்காட்சியின் மேல் நின்று இடைவெளியைத் துணிந்தார். புகையைக் கண்டு நெருப்பைச் சொன்னார். அதைவிட முதன்மையானது வேறொன்று: புகையைத் தாம் கண்ட இடத்திற்கு மாற்றாரையும் அழைத்துச் சென்றார். படத்தை நம்பாதவர்க்குத் தகடு இருந்தது; தகட்டை நம்பாதவர்க்கு முறை இருந்தது; முறையை ஐயுற்றவர் தம் ஊரில், தம் கையாலேயே செய்து பார்க்கலாம். கருதலுக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாடு படத்தில் இல்லை. அப்படத்திலிருந்து பின்னோக்கிச் செல்லும் வழி திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்பதிலேயே உள்ளது.

கோல்ஜிக்கும் காலம் ஒரு சிறு ஆறுதலை வைத்திருந்தது. சில நரம்பணுக்களிடையே நேரடியான நுண்வழிகள் உண்டென்பது 1950களின் பிற்பகுதி முதற்கொண்டு தெளிவாயிற்று. அதனினும் வியப்பு, 2023இல் சீப்பிழுது என்னும் கடல்வாழ் உயிரின் இளம்பருவத்தில் நரம்பிழைகள் உண்மையாகவே ஒன்றோடொன்று கலந்து வலையாக இருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. மனித மூளையைப் பற்றி கோல்ஜி கொண்ட கருத்து அதனால் சரியாகிவிடவில்லை. ஆயினும் தோற்றவர் என்று ஒதுக்கப்பட்டவரின் வலை, எங்கோ ஒரு கடலடியில் நூறாண்டுகளுக்குப் பின் கிடைத்தது.

இன்றைய ஆய்வரங்குகளுக்குத் திரும்புவோம். அபே இட்ட எல்லையையும் ஒளியைக் கொண்டே கடந்துவிட்டனர். அதற்காக எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூவர் 2014இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். பெட்ஸிக் வகுத்த முறை சிந்தனைக்குரியது. ஒளிரும் மூலக்கூறுகள் யாவும் ஒருங்கே ஒளிர்ந்தால் படம் மங்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு சிலவற்றை மட்டும் ஒளிரச் செய்கின்றனர். ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் கணக்கிட்டுக் குறிக்கின்றனர். பின்னர் வேறு சிலவற்றை ஒளிரச் செய்கின்றனர். இவ்வாறு ஆயிரமாயிரம் முறை எடுத்தவற்றை அடுக்கிக் கணினி ஒரு படத்தை ஆக்கித் தருகிறது. சில மட்டுமே புலப்படுவது வரம் என்ற கோல்ஜியின் பாடம் ஈண்டும் வேறு வடிவில் வந்து நிற்பதைக் காணலாம்.

ஆனால் அப்படத்தைக் கண்டவர் யார்? எவருமிலர். கண்ணருகில் குழாயை வைத்து நோக்கும்போது அங்கே அப்படம் இல்லை. கணக்கின் முடிவிலேயே அது பிறக்கிறது. நிறங்களும் பெரும்பாலும் ஆய்வாளர் இட்டவையே. காண்டல் என்று காட்டப்படுவது உண்மையில் கருதலாகிவிட்டது. கருவியோ ஓர் அறையையே நிரப்புவது. கஹாலைப் போல அதனைச் சுமந்துகொண்டு ஒருவர் அவைக்கு வர இயலாது. ஆகவே கூடத்தில் இருப்போர்க்குக் கிடைப்பது திரையில் ஒரு படமும் பேசுபவரின் சொல்லும்தாம். முன்னூற்று ஐம்பது ஆண்டுகளில் எத்துணையோ முன்னேறி, அறிவியலார் மீண்டும் டெல்ஃப்ட் வணிகரின் மடலைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்த இலண்டன் கழகத்தாரின் நிலைக்கே வந்து சேர்ந்துள்ளனர் என்றால் அது மிகையாகாது.

இந்நிலையில் படத்தைத் திருத்தும் ஆசை எழுவது இயல்பே. கணினியில் ஒரு கறையை அழிப்பதும் ஒரு கோட்டைக் கருமையாக்குவதும் ஒரே பகுதியை நகலெடுத்து வேறோர் ஆய்வின் முடிவாகக் காட்டுவதும் நொடிப்பொழுதின் வேலை. உயிரணுவியல் ஆய்விதழ் ஒன்று 2002 முதற்கொண்டு தான் ஏற்கும் கட்டுரைகளின் படங்களைத் தனியே சோதிக்கத் தொடங்கியது. படம் முழுவதன் ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். படத்தின் ஒரு கூற்றை மட்டும் கூட்டவோ மறைக்கவோ நகர்த்தவோ நீக்கவோ சேர்க்கவோ கூடாது என்பது அவ்விதழின் விதி. எளிய விதிதான். ஆனால் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆய்விதழ்களில் 1995 முதல் 2014 வரை வந்த 20,621 கட்டுரைகளைக் கண்ணாலேயே சோதித்து, அவற்றுள் நூற்றுக்கு 3.8 விழுக்காட்டில் ஐயத்திற்குரிய படங்கள் இருப்பதைக் கண்டது. அவற்றுள் பாதியேனும் வேண்டுமென்றே செய்யப்பட்டவையாகத் தோன்றின. இருபத்தாறு கட்டுரைக்கு ஒன்று! அவற்றை எழுதியோர் கல்லாதவர் அல்லர், உயர்கல்வி பெற்றோர்.

இவர்களிற் பலர் தம்மைப் பொய்யர் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். முடிவு சரியானதே, படம் சற்றுத் தெளிவற்றிருக்கிறது, அதைத் தெளிவாக்கினால் என்ன தவறு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருப்பார்கள். இக்கூற்றுக்கு விடை சொல்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்பது முறையன்று. விடை இதுதான்: முடிவு சரியானதா என்பதைத் துணியும் உரிமை காட்டுகின்றவருக்கு மட்டும் உரியதன்று. கறையை அழித்தவர், அக்கறையே உண்மையாக இருந்திருக்கக்கூடும் என்ற வாய்ப்பைப் பிறரிடமிருந்து பறித்துவிட்டார். பெர்லின் மேசையில் கோலிக்கருக்குக் கிடைத்த இருக்கையை எடுத்துவிட்டார்.

ஆய்வரங்கின் உண்மையான பயன் இங்கேதான் விளங்கும். அச்சிதழில் வெற்றி பெற்ற படமே இடம்பெறும். கூடத்தில், சுவரோரத்துப் படத்தாளின் முன் நின்று, ‘இவ்வொளி சாயத்தின் ஒளியா, திசுவின் இயல்பொளியா?’ என்று ஒருவர் கேட்கலாம். ‘எங்கள் கூடத்தில் இதுபோன்று ஒன்று தெரிந்தது, அது கருவியின் பிழை என்று பின்னர் அறிந்தோம்’ என்று மற்றொருவர் சொல்லலாம். தோல்வியைச் சொல்லிக்கொள்ளும் இடம் அது. கணக்கிடா முன்னர் எடுத்த மூலப்படங்களையும் முறைகளையும் பிறர்க்குத் திறந்து வைப்பது இன்று மெல்ல மெல்ல வழக்கமாகி வருகிறது. தூக்கி வர முடியாத கருவிக்கு ஈடாக அதுவேனும் வேண்டும். புகழுரையும் கைதட்டலுமாக முடியும் அரங்குகளும் உண்டு. அவற்றிற்குச் சென்று வருவதில் பயணச் செலவைத் தவிர வேறில்லை.

இவ்வரங்குகளில் அமரும் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் ஏதோவொரு பள்ளியின் அறிவியற்கூடத்தில், பழைய நுண்ணோக்கி ஒன்றின் முன் முதன்முதலாகக் குனிந்தவரே. வெங்காயத் தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் பரப்பி, அயோடின் கரைசலைச் சொட்டி, மேலே மெல்லிய மூடியை வைக்கின்றான் மாணவன். மூடியைச் சாய்த்து மெதுவாக இறக்கத் தெரியாமையால் உள்ளே காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்கின்றன. கருவியின் வழியே நோக்கியதும், கருத்த தடித்த விளிம்போடு வட்டமாக ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அதுவே உயிரணு என்று மகிழ்கின்றான். உள்ளவாறே வட்டமாக வரைகின்றான். அடுத்த இருக்கை மாணவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாடநூலைப் புரட்டுகின்றான், செங்கற்கள் போல வரிசையாக அடுக்கிய அறைகளையும் அவற்றினுள் உட்கருவையும் அழகாக வரைந்து பெயர் குறிக்கின்றான். முதல்வனுக்குச் சுழியம், இரண்டாமவனுக்குப் பத்துக்குப் பத்து.

மதிப்பெண் இட்ட ஆசிரியர் மீது குறை காண்பது எளிது. நாற்பது மாணவர், இரண்டு மூன்று கருவிகள், நாற்பது நிமிடப் பாடவேளை, ஆண்டிறுதியில் தேர்வு. படம் நூலில் உள்ளவாறு இருத்தல் வேண்டும் என்றே தேர்வும் கேட்கிறது. ஆனால் அவ்விருவரில் கண்டதைச் சொன்னவன் எவன்? பிழைபட்டவன் மெய்யுரைத்தான், சரியாக வரைந்தவன் காணாததைக் கண்டதாகக் காட்டினான். முதல்வனைத் திருத்துவது எளிது. கஹால் கோலிக்கரைத் திருத்தியது போல, மற்றொரு தகட்டைக் காட்டினால் போதும். இரண்டாமவனைத் திருத்த வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழாது. அவன் விடைதான் சரியாக இருக்கிறதே! அவன் நன்கு பயின்று பல்கலைக்கழகம் சென்று, ஒரு நாள் உயர்தர நுண்ணோக்கி ஒன்றின் முன் அமர்ந்து, படம் எதிர்பார்த்தபடி வராதபோது எப்பக்கம் கை நீட்டுவான்?

இவ்வினாவோடு வகுப்பினுள் நுழையும் ஆசிரியர் ஒருவருக்குச் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. வட்டம் வரைந்தவனின் ஏட்டில் உடனே கோடிடாமல், அவனுடைய இருக்கையில் தாம் அமரலாம். அவன் கண்ட அதே தகட்டைக் குனிந்து நோக்கலாம். அவனுக்குத் தெரிந்த கருத்த வட்டம் அவருக்கும் தெரியும். “ஆம் தம்பி, நீ சொன்னபடியே வட்டமாகத்தான் இருக்கிறது. மூடியை மெல்ல அழுத்திப் பார், அது நகர்கிறதா?” என்று கேட்கலாம். அவன் விரலால் அழுத்துகின்றான். குமிழி நழுவி ஓடுகிறது. அது விலகிய இடத்தில், அயோடினின் மங்கிய மஞ்சள் நிறத்தில், நீண்ட அறைகள் சில மெல்லத் தெரிகின்றன. ஆசிரியர் எழுந்து இருக்கையை அவனுக்குத் தருகிறார். அடுத்த இருக்கையில் பாடநூலை விரித்து வைத்திருந்தவனும் தலையை நீட்டி, தனக்கும் ஒரு முறை காட்டுமாறு கேட்கின்றான்.